மூன்று சிரிப்பு

கடிவாளம் மாட்டும்போது குதிரையின் வாயோரத்தில் விழும் சுருக்கத்துக்கு அந்த லாயத்தில் சிரிப்பு என்று பெயர். ஒரு சிரிப்பு விழுந்தால் வாய்க்குள் போகும் கம்பி சரியாக உட்கார்ந்திருக்கிறது. மூன்று விழுந்தால் குதிரைக்கு உயிர் போகிறது. இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் வாயில் ஒரு தரம் இரும்பைக் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

செவலைக் குதிரை வந்ததிலிருந்து மூன்று சிரிப்போடுதான் ஓடியது. முறுக்குக் கம்பி, அதுவும் வாய் அகலத்துக்கு ஒரு விரல் குறைச்சல். தலையை உதறும், பின்னங்காலில் எழும்பும், அடி வாங்கும். லாயக்காரிக்குப் பொறுக்கவில்லை. அதன் வாய்க்குள் நூலைக் கொடுத்து, இரண்டு உதட்டோரத்திலும் முடிச்சுப் போட்டு அளந்தாள். விரல் விட்டுப் பார்த்ததில் நாக்கு தடிமன், மேலண்ணம் தாழ்வு. கனத்த கம்பியும் ஆகாது என்று, மெலிதாக, மழமழவென்று, நடுவில் பட்டாணி போல ஓர் உருண்டை வைத்ததாகத் தேடி எடுத்தாள். காலையில் இரும்பு சில்லிடுமே என்று உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி நீட்டுவாள். சீக்கிரமே, கையை நீட்டினால் போதும், செவலை தானாக வாயைத் திறந்தது. அவளுக்குப் பெற்ற பிள்ளை பேசியது போல இருந்தது.

"குதிரை பசுவாயிடுச்சு. மாப்பிள்ளைக்குக் கொடுத்துடலாம், ரொம்ப நாளா கேக்கறார். ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்னார்" என்றான் புருஷன், சாப்பிட்டுக்கொண்டே.

மாப்பிள்ளை என்றது தன் தங்கை புருஷனை. அந்த மகராசன் கைக்குப் போன எந்தக் குதிரையின் வாயும் உருப்பட்டதில்லை.

"வேண்டாங்க. அது இங்கயே இருக்கட்டும்."

"உன்னைக் கேட்டேனா?"

அவள் யோசித்தாள். மாப்பிள்ளை முன்னால் செவலை அடங்காமல் ஆடினால் வேண்டாமென்று போய்விடுவார். ஒரு நாள் வலி, அப்புறம் காலம் பூரா தன்னோடு இருக்கும். கணக்கு சரியாகத்தான் வந்தது. வலி அடுத்தவர் வாயில் என்றால் யாருக்கும் கணக்கு தப்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வருமுன் பழைய முறுக்குக் கம்பியை எடுத்தாள். பழக்க தோஷத்தில் அதையும் உள்ளங்கையில் சூடாக்கினாள். செவலை வாயைத் திறந்தது. கன்னத்து வாரை இழுத்து, மூன்றாவது சிரிப்பு விழும்வரை இறுக்கினாள். அதன் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை ஏறி வாரை இழுத்ததும் செவலை செங்குத்தாக எழுந்தது. இறங்கியது, மறுபடி எழுந்தது. நுரை சிவந்தது. அவர் உண்ணி மாதிரி ஒட்டிக்கொண்டு சவுக்கால் விளாசினார். வேர்த்து விறுவிறுத்து இறங்கியபோது முகமெல்லாம் பூரிப்பு.

"வேண்டாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன் மச்சான். பசுவாயிடுச்சுன்னீங்க, மனசே விட்டுப்போச்சு. பசு மேல ஏறவா நான் இருக்கேன்? இதுல்ல குதிரை."



அவர் குதிரையின் வாயோரத்தைத் தடவி எண்ணினார். "மூணு சிரிப்பு, அழகா விழுந்திருக்கு. யாரு மாட்டினது?"

"நம்ம வீட்லதான்" என்று புருஷன் அவளைக் காட்டினான், பெருமையாக.

"நல்ல கை தங்கச்சி. இந்தக் கடிவாளத்தையே எடுத்துட்டுப் போறேன்."

"அண்ணே, இந்தக் கம்பி சின்னது. செவலையோட கம்பி வேற. உள்ள இருக்கு, எடுத்துட்டு வரேன்."

"சின்னதுன்னு தெரியாமலா கேக்கறேன்? கன்னத்து வார் எத்தனாவது ஓட்டைன்னு மட்டும் சொல்லுங்க."

புருஷன் முறைத்தான். அவள் சொன்னாள்.

கடிவாளத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வெறும் கயிற்றில் செவலையை வண்டிக்கு நடத்தினார் மாப்பிள்ளை. கடைசியாகத் தடவிக்கொடுக்க அவள் ஓடிப்போய்க் கையை நீட்டினாள். கையில் கம்பி இருக்கிறதென்று நினைத்து, கிழிந்த வாயைச் செவலை மெல்லத் திறந்தது.