முன்மாதிரி நோயாளி

குடியை விடவைக்கும் அந்த இல்லத்தில் மாத்திரைக்கு அனுமதியில்லை. மனஉறுதிதான் மருந்து என்பது இயக்குநரின் கொள்கை. அவருடைய நாற்காலிக்குப் பின்னால் அவருடைய படமே மாட்டியிருந்தது. அவர் எழுந்துபோனாலும் கொள்கை எழுந்துபோகக் கூடாதல்லவா?

தையல்கடை நடத்தும் அக்கா அவருக்கு எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் தம்பிக்குக் குடியும் உண்டு, மனம் அளவுமீறிப் பொங்கி ஏறுவதும் பிறகு சோர்ந்து இறங்குவதுமான மனநோயும் உண்டு. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று மனநல மருத்துவர் சொல்லியிருந்தார். இங்கே சேர்த்த அன்றே மாத்திரை நின்றது.

"உங்க தம்பிதாம்மா எங்க முன்மாதிரி," என்றார் இயக்குநர். "எல்லாருக்கும் முன்னாடி எழுந்து மாடி முழுக்கப் பெருக்கிடறார். இன்னிக்குக் குடும்பக் கூட்டத்துல அவர்தான் பேச்சாளர்."

"அவன் எழுந்திரிக்கல சார், படுக்கவே இல்ல. போன தடவையும் இப்படித்தான் ஏறிச்சு. அதை அடக்கத்தான் மறுபடி குடிச்சான். டாக்டரைக் கூப்பிடுங்க."

"குடும்பத்தோட அவநம்பிக்கைதாம்மா முதல் எதிரி."

கூட்டத்தில் தம்பி மைக்கைப் பிடித்தான். கைதட்டல் காதைப் பிளந்தது. தாமே பேசுவதுபோல இயக்குநர் தலையாட்டினார். தம்பி குடியிலிருந்து கட்டடத்துக்குத் தாவினான்: இன்னும் ஆறு மாடி எழுப்பப்போகிறான், சமையல்காரர்தான் இனி தலைமை மருத்துவர்.

"அப்புறம் நம்ம இயக்குநர். பாவம், மனுஷன் களைச்சுப்போயிட்டார். இன்னியிலேருந்து அவருக்கு ஓய்வு! அந்த நாற்காலி எனக்கு!"

கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது. தலையாட்டல் நின்றது.

"தம்பிக்கு என்னமோ உடம்பு சரியில்ல போலிருக்கேம்மா," என்று இயக்குநர் அவள் காதைக் கடித்தார். கொள்கைக்கு வராத சந்தேகம் பதவிக்கு வந்துவிட்டது. ஃபோனை அவரே எடுத்தார்.

உடனே அழைத்து வரச் சொன்னார் மருத்துவர். அக்கா மேடையேறினாள்.

"வாக்கா! நீதான் துணை இயக்குநர்!"

"சரிடா, பதவியேத்துக்கறேன். டாக்டர் வரச் சொல்றார், கிளம்பு."

"மாத்திரை குடுப்பார். உள்ள இருக்கிற வெளிச்சமெல்லாம் அணைஞ்சுபோயிடும்."

"அதையும் அவர்கிட்டயே சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்."

அவன் குரல் சட்டென்று இறங்கியது. "காலு நிக்க மாட்டேங்குதுக்கா. நானும் நிறுத்தித்தான் பார்க்கறேன்."

"தெரியும்டா."

"ஆட்டோ வேணாம். என்னால உட்கார முடியாது."

"ரெண்டு தெருதானே? நட."

சொல்லி முடிப்பதற்குள் அவன் வாசலைத் தாண்டியிருந்தான். செருப்பை அரைகுறையாக மாட்டிக்கொண்டு அக்கா பின்னால் ஓடினாள்.