கால்வாய்க்கரை இசையில் ஒரு மூச்சு

திங்கள், புதன், வெள்ளி மாலை ஏழரை மணிக்கு எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் ஃபோன் செய்வதில்லை. சாவுச் செய்தியாக இருந்தாலும் எட்டு மணிவரை காத்திருக்கும். அந்த அரை மணி நேரம் தொலைக்காட்சியில் ‘கால்வாய்க்கரை’ ஓடும். ஐம்பது வருடமாக ஓடுகிறது. தொடரின் ஆரம்பத்தில், டிரம்பெட்டின் தம்பி மாதிரி இருக்கும் ஒற்றைக் கார்னெட் ஊதும் அந்த நாற்பது நொடி இசையை வாசித்தவன் நான்தான் என்று ஹெப்பிள்டன் ஊரே சொல்லும். ஆர்னல்ட் ஹாவொர்த் என்று என் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம், கால்வாய்க்காரர் என்றாலே வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

வாசித்தவன் நான் இல்லை. டோரீன் கிரிம்ஷா.

அப்போது டோரீனுக்கு இருபத்திரண்டு வயது, நெசவாலையில் வேலை. எங்கள் ஊர் பேண்ட் வாத்தியக் குழுவில் இருந்த ஒரே பெண். நான் முதல் கார்னெட், அவள் மூன்றாவது. அந்தத் தொடர் இசையின் ஒலிப்பதிவுக்கு முந்தின நாள் ஒரு பேண்ட் போட்டியில் ஜெயித்தோம். அந்தச் சந்தோஷத்தில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு மதுக்கடைப் படியில் குப்புற விழுந்து மேலுதட்டைக் கிழித்துக்கொண்டேன். மறுநாள் காலை மான்செஸ்டர் ஒலிப்பதிவுக் கூடத்தில், மைக்குக்கு முன்னால் நின்று ஊதினால் வெறும் காற்றுதான் வருகிறது. இசையமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் இரண்டாம் கார்னெட்டுக்கு அந்த உயரத்து ஸ்வரங்கள் எட்டாது. டோரீனுக்கு எட்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் மூன்று வருடமாக அவளை மூன்றாவது நாற்காலியைவிட்டு நகரவிடாமல் வைத்திருந்தேன்.

நடைவழிக்கு அவளை இழுத்துப் போனேன். பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். உதடு வலி, தலைவலி, எல்லாவற்றுக்கும் மேல் எரிச்சல். வாய்க்கு வந்தபடி கத்தினேன். நான் என்ன கத்தினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன், இப்போது எழுதக் கை வரவில்லை. அவள் உள்ளே போய் வாசித்தாள். ஒரே தடவையில் முடிந்தது. ஆனால் ஐந்தாம் ஸ்வரத்துக்கும் ஆறாம் ஸ்வரத்துக்கும் நடுவில், இசைத்தாளில் இல்லாத இடத்தில், ஒரு மூச்சு எடுத்தாள். அழுகையை விழுங்கிய மூச்சு அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெரிந்தது. இசையமைப்பாளருக்குத் தெரியவில்லை. பிரமாதம், அதை அப்படியே விடுங்கள் என்றார்.

இன்று நாடு முழுக்க அந்த இசையை அந்த மூச்சோடுதான் முணுமுணுக்கிறார்கள். கறிக்கடைக்காரர் முணுமுணுத்தாலும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் மேலே போவார். பேண்டில் சேரும் பிள்ளைகளுக்கு, இங்கே ஹாவொர்த் மூச்சு எடு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆமாம், அதற்கு என் பெயர்.

ஒலிப்பதிவுத் தாளில் முன்பே என் பெயரை எழுதியிருந்தார்கள். அதை மாற்றினால் முதல் நாற்காலிக்கு அவமானம், முதல் நாற்காலிக்கு அவமானம் என்றால் பேண்டுக்கே அவமானம் என்று கூட வந்த எட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். டோரீனை யாரும் கேட்கவில்லை. பிறகு உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, அந்த மூச்சில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார். என் அம்மா அந்த வசந்தத்தில்தான் இறந்திருந்தார். அம்மாவை நினைத்தேன், தொண்டை அடைத்தது என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய், கேட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு கல்யாணம், பிரிவுபசாரம், கிறிஸ்துமஸ் விளக்கு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி ஆள் வில்ஃப், இரண்டு குளிர்காலத்துக்கு முன் போனான். அவன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்குத் துக்கத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

டோரீன் பேண்டைவிட்டுப் போகவில்லை. ஐம்பது வயதில் பல்செட் வைத்த பிறகு ஊத முடியாமல் போனது. அன்றிலிருந்து பயிற்சிக் கூடத்தில் தேநீர் போடுகிறாள். ஊரில் எல்லாருக்கும் நான் ஆர்னல்ட், அவளுக்கு மட்டும் இன்றுவரை மிஸ்டர் ஹாவொர்த். போன மாதம் மருந்துக்கடை வரிசையில் ஒருத்தி தன் பேரனுக்கு என்னைக் காட்டி, இவர்தான் அவர் என்றாள். எனக்கு முன்னால் நின்ற டோரீன் திரும்பிப் பார்த்துவிட்டு, நீங்க முதல்ல போங்க என்று விலகி வழிவிட்டாள். மாத்திரையை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். சொல்லிவிடுவது என்று அன்றுதான் முடிவு செய்தேன். எழுபத்தொன்பது வயதில் எனக்கு இனி என்ன மானம் மிச்சம்.

ஐம்பதாம் ஆண்டுக்காகத் தொலைக்காட்சிக்காரர்கள் எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். விளக்கு, கேமரா, சின்ன வயதுப் பேட்டியாளர் ஒருத்தி. பேண்ட் மொத்தமும் சீருடையில் உட்கார்ந்திருந்தது. டோரீன் வழக்கம்போலத் தேநீர் அண்டாவுக்குப் பக்கத்தில். முதல் கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன்.

“அத வாசிச்சது நான் இல்லம்மா. அதோ நிக்கிறாங்களே, டோரீன். அவங்க வாசிச்சது. நான் சும்மா பேர வாங்கிக்கிட்டேன்.”

எல்லாரும் அண்டாப் பக்கம் திரும்பினார்கள். பிறகு எங்கள் பேண்ட் மாஸ்டர் டிரெவர் கைதட்டிச் சிரித்தான்.

“பாத்தீங்களா, இதான் எங்காளு. போன வருஷம் விளக்கு விழாவுல என்ன சொன்னாருன்னு கேளுங்க. பேண்ட் வாசிச்சுது, நான் கூட நின்னேன்னாரு. இந்த மனுஷன் வாயால பெருமை வரவே வராது.”

எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் பக்கத்தில் தற்பெருமை பேசுகிறவனை யாரும் மதிப்பதில்லை, என்னால் ஒன்றும் இல்லை என்பவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். அது தெரிந்து ஐம்பது வருடம் நானும் பணிவாக நடித்தேன். இப்போது உண்மையைச் சொன்னால் அதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. இல்லை, நிஜமாகவே சொல்கிறேன் என்று எழுந்தேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

பேட்டியாளர் டோரீன் பக்கம் திரும்பினாள். கையில் தேநீர்க் கெண்டியோடு டோரீன் என்னைப் பார்த்தாள்.

“அவரு பெரிய மனசுக்காரரு. நான் அவரு கார்னெட் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போனேன், அவ்ளோதான்.”

பேட்டியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் குழைந்த முகத்தோடு என்னிடம் கேட்டாள், அந்த மூச்சு எடுத்தபோது என்ன நினைத்தீர்கள் என்று. டோரீன் கெண்டியைக் கீழே வைக்காமல் நின்றாள். நடைவழியில் நான் கத்தியதைச் சொல்லியிருந்தால் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள், யாரும் அதைப் பணிவு என்று நினைத்திருக்கவும் முடியாது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மா வந்தார். அந்த வசந்தத்தில்தான் இறந்தார், தொண்டை அடைத்தது, அதே வார்த்தைகள், அதே இடத்தில் அதே நிறுத்தம்.

எல்லாரும் போன பிறகு சமையல் மேடையில் அவளோடு நின்று கோப்பைகளைத் துடைத்தேன். ஏன் இல்லை என்று சொன்னாய் என்று கேட்டேன். கழுவுவதை அவள் நிறுத்தவில்லை.

“அம்பது வருஷம் கழிச்சு நீங்க எடுத்துக் குடுத்தா, நான் உங்களுக்கு நன்றி சொல்லணும் மிஸ்டர் ஹாவொர்த். அது என்னால ஆகாது.”

நான் இன்னொரு கோப்பையை எடுத்துத் துடைத்தேன்.

“பேர நீங்களே வச்சுக்குங்க. ஆனா உங்கம்மாவ அதுல இழுக்காதீங்க. அன்னிக்கு நீங்க சொன்னது எனக்கு ஒரு எழுத்து மாறாம ஞாபகம் இருக்கு. ‘ஒரு ஸ்வரம் பிசகுச்சு, நாளையிலேந்து பேண்ட் பக்கமே தலை காட்டாத. தறிக்காரிக்குக் கார்னெட் ஒரு கேடா’ன்னு கேட்டீங்க. நாட்டுல எல்லாரும் பாடுறது அதத்தான்.”

கோப்பையில் கறை போகவில்லை என்று அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்பக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை சிறப்பு நிகழ்ச்சி. நான் டிவியைப் போடவில்லை. போடாவிட்டால் என்ன, எங்கள் தெருவில் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஏழரைக்கு இடப்பக்கச் சுவரிலிருந்தும் வலப்பக்கச் சுவரிலிருந்தும் அந்தக் கார்னெட் வந்தது. ஐந்து ஸ்வரம். பிறகு அந்த மூச்சு. காதைப் பொத்திக்கொண்டேன். கையை எடுத்தபோது இரண்டு சுவரிலும் என் குரல் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்கு ஃபோன் அடிக்கத் தொடங்கியது. பாராட்டத்தான். ஒன்று ஓய்ந்தால் அடுத்தது. எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் நான் நன்றி என்றுதான் சொல்வேன்.