மூன்றாவது வரிசையில் சிரித்தவர்

பூட்டு என்பது வேலையிடத்தில் அவருக்கு வைத்த பெயர். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பதினெட்டு வருடமாக லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள் அண்ணாந்து நிற்கிற மனுஷனுக்கு, வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். திறந்தால் மேலிருந்து கிரீஸ் சொட்டும். தூசி விழும் என்பதால் கண்ணையும் பாதிதான் திறக்கலாம். இப்படியே இருந்து இருந்து அவர் முகம் அப்படியே நின்றுபோனது. உள்ளே ஆள் என்னவோ சந்தோஷமாகத்தான் இருப்பார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, யாரோ அவர் வீட்டு மேல் வழக்குப் போட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

இந்த முகத்தால்தான் குடும்பமே இரண்டாகப் போனது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவியின் அக்கா புது வீடு கட்டிக் குடிபோனாள். பூட்டு போனார், வயிறாரச் சாப்பிட்டார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், மனசார வாழ்த்திவிட்டு வந்தார். ஒரு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. முப்பத்தொரு படங்களில் பூட்டு இருந்தார். முப்பத்தொன்றிலும் அதே முகம்.

அக்கா தங்கைக்குப் போன் போட்டாள். "உன் வீட்டுக்காரர் என் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கவா வந்தாரு? எங்க நல்லதைப் பாத்து ஒரு மனுஷனுக்கு இவ்வளவு வயித்தெரிச்சலா?"

தங்கை சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "நீ அடிச்சிருக்கிற பச்சை பெயிண்டைப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

தன் முகத்துக்காக மனைவி அக்காவையே விட்டுக்கொடுத்துவிட்டாள் என்பது பூட்டுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் அடுப்படியில் தனியாக நின்று, அக்காவிடம் சொல்லவேண்டிய கதைகளையெல்லாம் குக்கரிடம் சொல்லிக்கொண்டிருப்பதை அவர் கேட்டிருக்கிறார். கேட்காத மாதிரி வந்துவிடுவார்.

அப்படியிருக்கையில் ஒருநாள் ஒரு கவர் வந்தது. உள்ளே இரண்டு பாஸ். 'கையே தராசு' என்று டிவியில் ஒரு போட்டி. பொருளை ஒரே ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு எடையைச் சொல்ல வேண்டும், ஒரு கிலோவுக்கு மேல் பிசகக் கூடாது. அக்காவுக்குப் பார்சல் ஆபீஸில் வேலை. தராசில் வைப்பதற்கு முன்பே எடையைச் சொல்லிவிடுவாள் என்று ஆபீஸே மெச்சும். அவளுக்கு வாய்ப்புக் கிடைத்திருந்தது. கவரில் பாஸைத் தவிர ஒரு வரி எழுத்தும் இல்லை. ஆனாலும் அனுப்பியிருந்தாள் அல்லவா, அது போதும் தங்கைக்கு.

"என்னங்க, நல்லாக் கேட்டுக்கோங்க" என்றாள் மனைவி. "அக்கா ஜெயிச்சா சிரிக்கணும். தோத்தா வருத்தப்படணும். தயவுசெஞ்சு மாத்திப் பண்ணிடாதீங்க. இந்தத் தடவையும் சொதப்பினா எனக்கு அக்கா இல்ல."

பூட்டு பத்து நாள் பயிற்சி எடுத்தார். லிஃப்டுக்குள் கண்ணாடி இருப்பது தொழிலில் ஒரு வசதி. ஆறாவது மாடியில் லிஃப்டை நிறுத்தி வைத்துக்கொண்டு சிரித்துப் பழகியபோது, கதவைத் திறந்த ஒரு அம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று சொல்லி இரண்டு கைப்பையோடு படியில் இறங்கிப் போனாள்.

ஸ்டுடியோ நாளும் வந்தது. டிவியில் அரண்மனை மாதிரி தெரிந்த மேடை பக்கவாட்டில் பார்த்தால் வெறும் பிளைவுட். குளிர் எலும்பைத் துளைத்தது. பார்வையாளர்களை மேய்ப்பதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். காதில் ஹெட்போன், கையில் அட்டை, கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கைதட்டச் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை என்பதால் எல்லாரும் அவளைக் கைதட்டல் மேடம் என்றார்கள். வந்ததும் வராததுமாக அவள் பூட்டின் மனைவியைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், பொடிக்கட்டம் போட்ட சேலை கேமராவுல நெளியும். நீங்க கடைசி வரிசைக்குப் போயிடுங்க. சார் மூணாவது வரிசையிலேயே இருக்கட்டும். ப்ளூ சட்டை நல்லா இருக்கு."

மனைவி போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஜெயிச்சா சிரிப்பு, தோத்தா வருத்தம் என்று கண்ணாலேயே சொன்னாள்.

பூட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை காலியாகக் கிடந்தது. காலி நாற்காலி கேமராவில் தெரிந்தால் நிகழ்ச்சிக்கே அவமானம் என்று கைதட்டல் மேடம் சத்தம் போட்டாள். டீ கொண்டுவந்தவர், வேன் டிரைவர், மேக்கப் அறையில் பாதி மேக்கப்போடு காத்துக்கிடந்தவர்கள் என்று கிடைத்தவர்களையெல்லாம் கூட்டிவந்து உட்காரவைத்தாள். "யாரும் பின்னாடி திரும்பிப் பாக்காதீங்க, லைட் செட் பண்ணியாச்சு" என்றாள். பூட்டு சொன்னால் சொன்னபடி கேட்கிற ஆள். கழுத்தைத் திருப்பவில்லை.

"இப்ப எல்லாரும் ஒரு அரை நிமிஷம் சோகமா இருங்க" என்றாள் அவள்.

பூட்டு கையைத் தூக்கினார். "மேடம், இன்னும் ஒண்ணுமே நடக்கலையே."

"நடக்கும்போது உங்க முகத்தைப் பிடிக்க எங்களுக்கு நேரம் இருக்காது சார். இப்பவே எடுத்து வச்சுக்குவோம், தேவைப்படற எடத்துல ஒட்டிக்குவோம்."

ஒட்டிக்கொள்வது என்றால் என்ன என்று பூட்டு யோசிக்கவில்லை. அதுதான் அவர் செய்த தப்பு. சோகமாக இருக்கச் சொன்னார்கள், அவர் சும்மா இருந்தார். கைதட்டல் மேடம் சொக்கிப்போனாள். கேமராக்காரரைக் கூப்பிட்டு, அந்த முகத்தைத் தனியாக, கிட்டத்தில் எடுக்கச் சொன்னாள். ஆச்சரியப்படச் சொன்னார்கள். வாயைத் திறந்தார். அதுவும் தேறியது.

சிரிப்புத்தான் வரவில்லை. முதல் தடவை, "சார், பல்லு தெரியணும்" என்றாள். பல்லைக் காட்டினார். "இது பல்வலி சார். சிரிப்பு வேணும்." உதட்டை இரண்டு பக்கமும் இழுத்தார். எதுவும் எழும்பவில்லை. முகத்தில் வரவேண்டியதெல்லாம் காதுப் பக்கம் போய், இரண்டு காதும் சிவந்து மேலும் கீழும் ஏறி இறங்கின. வேர்த்துக் கொட்டியது. இங்கேயே இப்படியென்றால் அக்கா ஜெயிக்கும்போது என்ன செய்யப்போகிறோம் என்று பயம் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் அவருக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. முதலில் மூக்கால் ஒரு இழுப்பு. தண்ணீர் இல்லாத குழாயில் மோட்டார் காற்று இழுக்கிற மாதிரி. பிறகு ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. ஆள் முடிந்துபோனதோ என்று நினைக்கும்போது, "ஹீ" என்று ஆரம்பித்துத் தடதடவென்று உருண்டு வந்தது ஒரு சிரிப்பு. யாரோ ஒரு பெண். அடக்கப் பார்க்கிறாள், அடங்கவில்லை. மறுபடி மூக்கால் இழுத்தாள். அவ்வளவுதான், பூட்டு திறந்துவிட்டது. வயிறு குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத மனிதரின் தொடையில் பட்டென்று ஒரு அடி வைத்தார்.

"கட்" என்றாள் கைதட்டல் மேடம். "இந்த ஒரு சிரிப்பை வச்சு நாங்க ஒரு வருஷம் ஓட்டலாம்."

பிறகு நிஜப் போட்டி. அக்கா வந்தாள். ஒரு தர்பூசணியைத் தூக்கினாள், "ஆறே கால்" என்றாள், சரி. இஸ்திரிப் பெட்டிகள் அடைத்த ஒரு சாக்கைத் தூக்கினாள், அதுவும் சரி. பூட்டு இரண்டு தடவையும் முடிந்தவரை உதட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிச் சுற்றுக்கு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் பரிசு. தூக்க வேண்டியது நிகழ்ச்சித் தொகுப்பாளரை. அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் அவனை இடுப்போடு கட்டித் தூக்கினாள். பார்சல் ஆபீஸ் கை. அவன் காற்றில் காலை உதைத்துக்கொண்டிருந்தபோதே, "எழுபத்தாறு" என்று சொல்லி இறக்கிவிட்டாள். அவன் தராசில் ஏறினான். எழுபத்து நாலு.

அக்காவின் முகம் விழுந்தது. பூட்டுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. ஃபிரிட்ஜ் போனதற்காக அல்ல. அவ்வளவு பேர் முன்னால், தன் கையை நம்பி நின்ற ஒருத்தியைக் கை ஏமாற்றிவிட்டதே என்றிருந்தது. அவர் கண் கலங்கியதை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை. கடைசி வரிசையின் ஓரத்திலிருந்து மனைவி மட்டும் எட்டிப் பார்த்தாள்.

வாசலில் அக்கா வந்தாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போடறாங்களாம். ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க" என்றாள். பூட்டைப் பார்த்து, "தம்பியும் வரணும்" என்றாள். வழியெல்லாம் மனைவி, "உங்க வருத்தம் ரொம்ப நல்லா இருந்ததுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் அந்தப் பச்சை வீட்டில், பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவில் உட்கார்ந்தார்கள். அக்காவின் கணவர், பூட்டுக்குச் சகலை, ரிமோட்டைப் பிடித்திருந்தார். நிகழ்ச்சி ஆரம்பித்தது.

அக்கா தர்பூசணியின் எடையைச் சரியாகச் சொன்னாள். மேடையில் விளக்குகள் குதித்தன. அடுத்த நொடி திரை முழுக்கப் பூட்டின் சோகம்.

ஒட்டிக்கொள்வது என்றால் என்னவென்று அவருக்கு இப்போது புரிந்தது.

சாக்கின் எடையையும் அக்கா சரியாகச் சொன்னாள். திரையில் பூட்டு வாயைப் பிளந்தார், இவளுக்கா இது வரும் என்று கேட்கிற மாதிரி. அக்கா பார்வையைத் திருப்பாமல், "ம்" என்றாள். மனைவி பூட்டின் முழங்கையில் கிள்ளினாள்.

கடைசிச் சுற்று. தராசு எழுபத்து நாலு காட்டியது. அக்காவின் முகம் விழுந்தது. அடுத்து, திரையில் பொங்கிச் சிரிக்கிறார் பூட்டு, கண்ணில் நீர் வழிய, பக்கத்து ஆளின் தொடையில் அடித்து அடித்து. போதாக்குறைக்கு அதை மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள்.

"என் வீட்டைப் பாத்து ஒரு நாள் சிரிக்காத முகம்" என்றாள் அக்கா. "நான் தோத்தா மட்டும் இவ்வளவு சந்தோஷமா?"

"அக்கா, அது முன்னாடியே எடுத்தது" என்றார் பூட்டு. உண்மைதான், ஆனால் அவர் முகத்தோடு சொன்னால் உண்மைகூடப் பொய்யாகத்தான் கேட்கும்.

"நான் தோக்கப்போறது முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

சகலைக்கு இந்தச் சண்டையெல்லாம் காதில் ஏறவே இல்லை. அவர் திரைக்குப் பக்கத்தில் போயிருந்தார். "ஷூ. அவன் ஷூவைக் கழட்டிட்டுத் தராசுல ஏறினான். இவ தூக்கும்போது உசர ஷூ போட்டிருந்தான்." ரிமோட்டை அழுத்திப் பின்னால் ஓட்டினார். ஷூ சரியாகத் தெரியவில்லை, திரையில் பூட்டு சிரித்தார். மறுபடி ஓட்டினார். மறுபடி சிரித்தார். நாலாவது தடவை அக்கா, "போதும், நிறுத்துங்க அந்தச் சனியனை" என்று கத்தினாள். சகலை பதறிப்போய் எதையோ அழுத்த, சிரிப்பு அப்படியே பாதியில் உறைந்து நின்றது.

மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். பூட்டுக்குத் திரையைத் தவிரப் பார்க்க வேறு இடமில்லை. பழுது எங்கே என்று தேடுகிற பழக்கம். தன் முகத்தைத் தாண்டி, பின்னால் பார்த்தார். எழுந்து போய்த் திரை முன்னால் மண்டியிட்டார்.

"அக்கா" என்றார். "எனக்குப் பின்னாடி உக்காந்து சிரிக்கிறது யாரு?"

கழுத்தில் துண்டு, ஒரு கண்ணுக்கு மட்டும் மை, மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு சரிந்துகிடந்தாள் ஒரு பெண்.

அக்கா கண்ணை இடுக்கினாள். "நான்தான்" என்றாள்.

"அப்ப மேடையில தோத்துக்கிட்டிருக்கிறது?"

"அதுவும் நான்தான்."

சொல்லிவிட்டு அக்கா சோபாவின் நுனிக்கு வந்தாள். பிறகு மெதுவாக, "மேக்கப் ரூம்ல இருந்து கூட்டிட்டுப் போய் உக்கார வச்சாங்க, எதுக்குன்னு சொல்லல. முன்னாடி ஒரு ப்ளூ சட்டை. முகம் தெரியல. சிரிங்கன்னா அந்த ஆளுக்குக் காது மட்டும் மேலயும் கீழயும் போகுது. எனக்கு அடக்க முடியல" என்றாள். நிறுத்தினாள். பூட்டின் காதுகளைப் பார்த்தாள். "தம்பி, அது நீங்களா?"

"நீங்க சிரிச்சதுலதான்க்கா எனக்குச் சிரிப்பு வந்துச்சு."

அக்கா மூக்கால் ஒரு இழுப்பு இழுத்தாள். பூட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் டிவி மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டார். பிரயோஜனமில்லை. அவள் உருள ஆரம்பித்தாள், இவர் குலுங்க ஆரம்பித்தார், மனைவி அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் அக்காவின் மடியில் விழுந்தாள். சகலை மட்டும் திரைக்குப் பக்கத்தில் நின்று ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது சகலை போனை எடுத்தார். ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். மனைவி உடனே பூட்டின் பக்கம் திரும்பி, "என்னங்க, கொஞ்சம்" என்று ஆரம்பித்தாள். பூட்டு உதட்டை இழுக்கத் தயாரானார், காது சிவந்தது.

அக்கா அவர் தோளைத் தொட்டாள். "விடுடி அவரை. தம்பி, நீங்க சிரிக்க வேண்டாம். சும்மா வந்து நில்லுங்க."

அந்தப் படம் இப்போது பச்சைச் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். நடுவில் பூட்டு, அதே பழைய முகத்தோடு நிற்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் இவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டால் அக்காவுக்குக் கோபம் வந்துவிடும். "நல்லாப் பாருங்க" என்பாள், "மனுஷர் எவ்வளவு சந்தோஷமா இருக்காரு."