அறுபத்தோராம் பிழை

"இந்த ஒரு காலத்த மட்டும் ரொப்பிடு ஜோதி. மத்ததெல்லாம் தம்பி பாத்துக்குவான்" என்று லாரன்ஸ் சொன்னபோது, அருள்ஜோதி கீபோர்டின் இடுக்கில் விழுந்த வேர்க்கடலைத் தோலை ஊதி எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பெயர், வயது, படிப்பு, உயரம், பங்கு, ஊர், தெரு என்று எல்லாக் கட்டங்களும் அவள் விரலால் நிரம்பியவை. கடைசியில் புதிதாக ஒரு காலம், மேலிருந்து கீழாக வெற்றுக் கட்டங்களோடு, முளைத்திருந்தது. தலைப்பில் 'பிரிவு' என்று மட்டும் இருந்தது.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது லாரன்ஸின் கம்ப்யூட்டர் சென்டர். பட்டா, வில்லங்கம், பரீட்சை விண்ணப்பம், ரேஷன் கார்டு திருத்தம் என்று ஒன்பது வருஷமாக ஊரார் தலையெழுத்தை எல்லாம் அங்கே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பவள் அருள்ஜோதி. போன வருஷம் லாரன்ஸுக்கு ஒரு யோசனை உதித்தது. நம் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு வரன் அமைவது குதிரைக்கொம்பாக இருக்கிறது; பெரிய வெப்சைட்டுகளில் போட்டால் தூத்துக்குடியும் நாகர்கோவிலும்தான் வருகிறது; நமக்கென்று ஒன்று ஆரம்பித்தால் என்ன? பெயரையும் அவனே வைத்தான். கானாவூர் டாட் காம். ஏசுநாதர் கல்யாண வீட்டுக்குப் போய்த் தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய ஊர். பங்குச்சாமியாருக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய், சுற்றியுள்ள ஆறு பங்குக் கோயில்களில் சொல்லி, வரன் தேடி வந்த படிவங்களைக் கட்டுக்கட்டாக வாங்கிக் கொடுத்தார். அந்தப் படிவங்களில் சாதி கேட்கும் இடம் கிடையாது. சாமியார்கள் கேட்கமாட்டார்கள். கேட்காமலே தெரியும் என்பது வேறு விஷயம்.

"பிரிவுன்னா இன்னாண்ணே?" என்றாள் அருள்ஜோதி, தெரிந்துகொண்டே.

"தெரியாத மாதிரி கேக்காத. பேரு கீரு எழுத வேணாம், அசிங்கமா இருக்கும். ஒண்ணு, ரெண்டுன்னு போடு போதும். யார் கண்ணுக்கும் தெரியாது. தேடறப்ப மட்டும் உள்ளாரயே வேல செய்யும். ஒருத்தர் மனசு புண்படக் கூடாதில்ல?"

சும்மா சொல்லக் கூடாது, லாரன்ஸ் நல்ல மனுஷன்தான். அவள் நைனா செத்த அன்றைக்குக் கடையை மூடிவிட்டு வந்து நின்றவன். இந்த மாதிரி நல்ல மனுஷர்கள்தான் ஒருத்தர் மனசும் புண்படாமல் நம்பர் போடச் சொல்வார்கள். பேர் எழுதச் சொல்லியிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாளோ என்னவோ. நம்பர்தானே என்று உட்கார்ந்துவிட்டாள்.

சாதிச் சான்றிதழை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தபிறகு சர்டிபிகேட்டில் எல்லாருக்கும் பி.சி.தான். கண்டுபிடிக்க ஒரே துப்பு தெரு. எந்த ஊரில் எந்தத் தெரு யாருடையது என்று அவலூர்பேட்டையிலிருந்து வல்லம் வரைக்கும் அத்துப்படியாகத் தெரிந்த ஆள் சென்டரில் அவள் ஒருத்திதான். மேலத்தெரு என்றால் ஒன்று. காலனி, கீழத்தெரு, புதுத்தெரு என்றால் ரெண்டு. சவேரியார் தெரு என்று வந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. சில ஊரில் சவேரியார் அந்தப் பக்கம், சில ஊரில் இந்தப் பக்கம். சந்தேகம் வந்த இடத்தில் தெரிந்தவர்களுக்குப் போன் போட்டு, வேறு ஏதோ கேட்பதுபோல் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ரெண்டே நாளில் முடித்துவிட்டாள். அப்படி ஒரு கெட்டிக்காரி.

தன் வரிசையும் அதில் வந்தது. அருள்ஜோதி, முப்பத்து மூன்று, பி.சி.ஏ., சூசைமேடு, கீழத்தெரு. லாரன்ஸின் வீடும் சூசைமேடுதான், மேலத்தெரு. திருவிழாவில் தேர் மேலத்தெருவை முழுக்கச் சுற்றும். கீழத்தெரு முனையில் ஒரு நிமிஷம் நின்று திரும்பிவிடும். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் அம்மா சாயந்திரத்திலிருந்தே மெழுகுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். அருள்ஜோதி தன் பெயருக்கு எதிரே ரெண்டு என்று தட்டினாள். அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

இதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் அடைக்கலராஜ்.

லாரன்ஸின் தம்பி. முப்பத்தைந்து வயது. சென்னையில் ஒரு கம்பெனியில் புரோகிராமர். வெப்சைட்டைக் கட்டுவது முழுக்க அவன்தான். சனிக்கிழமை மத்தியானம் செஞ்சிக்கு வந்தால் ஞாயிறு ராத்திரி வண்டி ஏறுவான். மேலத்தெரு ஆண்களை எல்லாம் அண்ணே என்றே கூப்பிட்டுப் பழகியவள், அவனை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணே என்று வாய் தவறிக்கூட வந்துவிடக் கூடாது என்று ஜாக்கிரதையாக இருந்தாள். அவனோ அவளை 'நீங்க' என்றான். மேலத்தெருவில் பல் முளைக்காத பிள்ளையும் அவளை 'நீ' என்கிற ஊரில், ஒருவன் நீங்க என்றால் என்ன அர்த்தம் என்று அவள் பலநாள் யோசித்திருக்கிறாள்.

அவன் கட்டுவான், அவள் பழுது பார்ப்பாள். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து தட்டிப் பார்த்து, கோளாறு இருந்தால் இருவருக்கும் பொதுவான ஒரு ஷீட்டில் நம்பர் போட்டு எழுத வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் அவன் பதில் எழுதி, அந்த வரிசையைப் பச்சையாக்கினால் பிழை தீர்ந்தது என்று அர்த்தம். ஏழாம் பிழை: 'பிறந்த தேதி போட்டால் வயது நூற்று இருபத்து நான்கு என்று வருகிறது.' அவன் பதில்: 'சரி பண்ணிட்டேன். நூத்தி இருபத்தி நாலு வயசுப் பொண்ணுக்கு மாப்ள கெடைக்கறது கஷ்டம்தான்.' பத்தொன்பதாம் பிழை: 'போட்டோ தலைகீழாக ஏறுகிறது.' பதில்: 'சரி பண்ணியாச்சு. சாப்டீங்களா?' அவள் அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் எழுத வேறு இடமில்லாததால் புதிதாக ஒரு வரிசை போட்டாள். இருபதாம் பிழை: 'சாப்பிட்டேன்.' மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அது பச்சையாகியிருந்தது. அவளுக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அப்படியே நாற்பது பிழை ஓடியது. நடுவில் வந்தவாசியிலிருந்து ஒரு வரன் வந்தது. பள்ளிக்கூடத்தில் கிளார்க், நல்ல குணம், அவர்களும் அவசரப்பட்டார்கள். "வெப்சைட் வேல முடியட்டும்மா" என்று அவள் தள்ளிப்போட்டாள். வெப்சைட்டுக்கும் உன் கல்யாணத்துக்கும் என்னடி சம்பந்தம் என்று அம்மா கேட்டாள். வந்தவாசிக்காரர்கள் ஈஸ்டர் முடிந்ததும் வேறு இடத்தில் நிச்சயம் செய்துவிட்டார்கள். அதே வாரத்தில்தான் அடைக்கலராஜ் தன் பெயரையும் கானாவூரில் ஏற்றினான். சோதனைக்காக என்றான். ஆனால் சம்பளம், உயரம் எல்லாம் நிஜம். எதிர்பார்ப்பு என்ற இடத்தில் 'படித்த, வேலைக்குப் போகிற, நம் மறைமாவட்டத்துப் பெண்' என்று எழுதியிருந்தான். அவள் அதைத் தன் முகவரிக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொண்டாள். வெப்சைட் திறக்கிற அன்றைக்கு அவன் வாயைத் திறப்பான் என்று முழுசாக நம்பினாள்.

திறப்பு விழாவுக்கு முந்தின சனிக்கிழமை. கோட்டை மலையின் பாறைச் சூடு ஊருக்குள் இறங்குகிற மூணு மணி. லாரன்ஸ் நோட்டீஸ் வாங்க அச்சகத்துக்குப் போயிருந்தான். அடைக்கலராஜ் டீ வாங்கிவரக் கீழே இறங்கினான். கடைசியாகச் சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலில் 'ஓர் ஆண் பதிவை வைத்துப் பெண் தேடிப் பார்க்கவும்' என்று ஒன்று மிச்சமிருந்தது. எந்த ஆண் பதிவை எடுப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. அவனுடையதை எடுத்தாள். தேடு என்பதை அழுத்திவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். பொருத்தம் அதிகமுள்ளவர் மேலே, குறைந்தவர் கீழே. முதல் பெண்ணுக்கு நூற்றுக்கு எண்பத்தொன்று போட்டிருந்தது. அருள்ஜோதி கீழேவரை போனாள். மறுபடி மேலே வந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் இல்லை. வயது பொருந்துகிறது, உயரம் பொருந்துகிறது, படிப்பு, வேலை, மறைமாவட்டம் எல்லாம் பொருந்துகின்றன. அவளுக்கு உடனே ஷீட்டைத் திறக்கத்தான் தோன்றியது. ஆறு மாதப் பழக்கம். அறுபத்தோராம் பிழை: 'அடைக்கலராஜ் பதிவில் தேடினால் அருள்ஜோதி வரவில்லை.' எழுதி முடித்த பிறகுதான் தான் எழுதியதைத் தானே படித்தாள். காது மடல் சுட்டது. அழிப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

டீயை மேஜைமேல் வைத்துவிட்டு அவன் திரையைப் படித்தான். ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"தேடல் சரியாத்தான் வேல செய்யுது" என்றான்.

"எல்லாம் பொருந்துது. நான் மட்டும் வரல."

அவன் குனிந்து மவுஸை வாங்கி, தன் பதிவில் ஒரு பக்கத்தைத் திறந்தான். பதிவுக்காரருக்கும் சென்டர்காரர்களுக்கும் மட்டும் தெரிகிற பக்கம். அதில் 'பிரிவு: 1 மட்டும்' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் இருந்தது.

"அம்மா பாப்பாங்க ஜோதி. அவங்களுக்காக போட்டது."

"யாரு போட்டது?"

"நான்தான்." மவுஸை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்றான்.

நீங்க என்றே சொன்னான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். அவன் பாட்டுக்கு டீ வாங்கிவந்து கொடுக்கிறான், சாப்டீங்களா என்று கேட்கிறான், கல்யாணம் என்று வந்தால் ஒரு டிக் போட்டுக்கொள்கிறான். அவனுக்குள் இந்த மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடுவதே இல்லை. அதைவிட வயிற்றெரிச்சல் வேறொன்று. அந்த ரெண்டை அவன் போடவில்லை. லாரன்ஸ் போடவில்லை. அவள் கையால் அவளே போட்டாள், நூற்று நாற்பது சொச்சம் பேருக்கும் சேர்த்து, ஒரு தப்பில்லாமல். யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார்கள். அவளும் சரி என்றாள். அவள் பார்க்கும்படி ஆகிவிட்டது.

அவன் அறுபத்தோராவது வரிசையின் பதில் கட்டத்தில் 'பிழை இல்லை' என்று தட்டி, அதைப் பச்சையாக்கினான். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிறதா, வண்டியில் கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். டீ ஆடை கட்டிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் விழா. வராமல் இருந்துவிடலாம் என்று விடியும்வரை நினைத்தவள், அம்மா புதுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்ததும் கிளம்பிவிட்டாள். மகள் வேலை செய்ததைப் பார்க்க அம்மா வருகிறாள். மண்டபத்தில் முன்வரிசை நாற்காலிகளில் லாரன்ஸின் அம்மா ஆரோக்கியமும் மேலத்தெருப் பெரியவர்களும் இருந்தார்கள். அம்மா, வழக்கப்படி, கடைசியில் கீழத்தெருப் பெண்களோடு போய் உட்கார்ந்தாள். யாரும் அவளை அங்கே உட்காரச் சொல்லவில்லை.

சாமியார் ஜெபம் சொல்லி, லேப்டாப்பில் ஒரு பொத்தானை அழுத்தி, கானாவூரைத் திறந்து வைத்தார். கை தட்டினார்கள். சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் பெரிதாகப் பக்கம் விரிந்தது. லாரன்ஸ் மைக்கைப் பிடித்தான்.

"எப்டி தேடறதுன்னு நம்ம ஜோதி காட்டும். இதுல ராப்பகலா ஒழச்ச பொண்ணு. ஜோதி, சாம்பிளுக்கு நம்ம தம்பியோடதயே போடு. எல்லாருக்கும் தெரிஞ்ச பையன்."

கூட்டம் சிரித்தது. அடைக்கலராஜ் முன்வரிசை ஓரத்தில் நெளிந்தான். அருள்ஜோதி லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவன் பதிவைத் திறந்து தேடு என்பதை அழுத்தினாள். நாற்பத்து மூன்று பேரும் வந்து நின்றார்கள்.

"அந்த மூணாவது பொண்ணு லச்சணமா இருக்குது பாரு" என்று ஆரோக்கியம் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

அருள்ஜோதி திரும்பிப் பார்க்கவில்லை. வெளியாருக்குத் தெரியாத அந்தப் பக்கத்தைத் திறந்தாள். 'பிரிவு: 1 மட்டும்' என்று துணியில் ஒரு முழ உயரத்துக்கு எழுத்து விழுந்தது. அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கட்டும் என்று கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தாள். முதலில் புரிந்தது கடைசி வரிசைக்குத்தான். அங்கே பேச்சு நின்றது. பிறகு ஒவ்வொரு வரிசையாக அமைதி முன்னால் வந்தது.

"ஜோதி, அது வேணாம், அடுத்த பக்கம் போ" என்றான் லாரன்ஸ், மைக்கை மறந்து.

அவள் டிக்கை எடுத்தாள். தேடு என்பதை அழுத்தினாள். சக்கரம் சுற்றியது. இந்தத் தடவை தொண்ணூற்றேழு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் மேலே, முதல் கட்டத்தில், சென்டரின் நீலத் திரைக்கு முன்னால் எடுத்த அவள் போட்டோ. பக்கத்தில் எழுதியிருந்தது: பொருத்தம், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அவள் அந்தப் படத்தின்மேல் தட்டினாள். முகம் துணி முழுக்க நிரம்பியது.

சாமியார் அங்கியின் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் அம்மா பாதி எழுந்து, நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் முன்நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அடைக்கலராஜ் லேப்டாப்பை மூடுவதற்காக வேகமாக எழுந்து வந்தான். ப்ரொஜெக்டருக்குக் குறுக்கே வராமல் அவளிடம் வர வழியில்லை. வெளிச்சத்துக்குள் அவன் காலெடுத்து வைத்ததும் அவள் முகத்தில் பாதி அவன் வெள்ளைச் சட்டைமேல் விழுந்தது. அவன் குனிந்து அதைப் பார்த்தான். நெஞ்சில் விழுந்திருந்த அவள் கண்ணைத் தூசி தட்டுவதுபோல் ஒருதரம் கையால் தட்டினான்.