ஏணிப் பக்கத்துக் குறி

ஆலைக்குள் ஓடும் ரயில் யார்டில் அவர் வேகன் பரிசோதகர். சக்கரம் சக்கரமாகத் தட்டிக் காது கொடுத்துக்கொண்டே போவதால் எல்லோருக்கும் அவர் சுத்தியல்காரர்தான். பழுதான வண்டியைக் கண்டால் சுண்ணக்கட்டியால் பெரிய பெருக்கல் குறி போடுவார். குறி விழுந்த வண்டியை யாரும் தொடக்கூடாது.

ஒரு நாள் காலை, ஒன்பதாம் எண் அமில டேங்கரின் அடிவால்வுக் கழுத்தில் விரிசலைப் பார்த்தார். குறி போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். அரை மணி நேரத்தில் அலறல் கேட்டது. வண்டிகளைக் கொக்கி மாட்டி இணைத்துக்கொண்டிருந்தவன் அவருடைய மைத்துனன், மனைவிக்கு இருந்த ஒரே தம்பி. இன்ஜின் வந்து முட்டிய வேகத்தில் வால்வுக் கழுத்து பிளந்து, அமிலம் அவன் முகத்தில் அடித்திருந்தது. இரண்டு கண்ணும் போயின.

ஓடிவந்து பார்த்தால் டேங்கரில் குறி இல்லை. துடைத்த தடம்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற யார்டு சூப்பிரண்டின் சட்டைக் கையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. சரக்கு உடனே போயாக வேண்டும் என்று காலையிலிருந்து குதித்துக்கொண்டிருந்த மனிதர்.

விசாரணையில் சூப்பிரண்டு அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "குறியே இல்லைங்க. பரிசோதகர் பாக்காம விட்டுட்டார்."

சுத்தியல்காரருக்கு வேலை போனது. அதையாவது தாங்கிக்கொண்டார். மனைவி ஒரே ஒரு தடவை, "நெசமாவே குறி போட்டீங்களா?" என்று கேட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. போட்டேன் என்றார். அவள் "சரி" என்றாள். அந்தச் 'சரி' முப்பத்தோரு வருஷம் அந்த வீட்டில் அவர்களோடு குடியிருந்தது.

ஆலையை மூடினார்கள். ஓய்வுபெற்ற சூப்பிரண்டு, மாதிரி ரயில் செய்கிறவர்களின் சங்கத்துக்குத் தலைவரானார். பழைய யார்டை மேஜைமேல் அப்படியே கட்டப்போவதாகவும், ஓர் ஆணிகூடப் பிசகாது என்றும் பத்திரிகையில் பேட்டி கொடுத்திருந்தார். அதைப் படித்ததும் சுத்தியல்காரருக்குப் பொறி தட்டியது. அந்த ஆளின் நாக்கு அவருக்கு அத்துப்படி. அடுத்தவன் தப்பைக் கண்டால் அதற்கு இருப்புக் கொள்ளாது.

எட்டு மாதம் உட்கார்ந்து பதினான்கு டேங்கர் செய்தார். தண்ணீர்க் குழாய்த் துண்டு உருளையானது, குண்டூசி கைப்பிடியானது, செப்புக் கம்பி ஏணியானது. பொம்மை விற்கும் கடைக்காரர் மூலம் சங்கத்துக்குக் கொடுத்தனுப்பினார். "செஞ்சவன் யாரோ எங்கிட்ட வேலை பாத்தவன்தான்" என்று சூப்பிரண்டு பூரித்துப்போனாராம். விபத்து நடந்த அந்த ஒன்பதாம் எண் டேங்கரை மட்டும் சுத்தியல்காரர் கொடுக்கவில்லை. கண்காட்சி நாளில் நேரில் கொண்டுவருவதாகச் சொல்லியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிறைய பழைய தொழிலாளிகளும் அவர்கள் குடும்பமும். சுத்தியல்காரர் மனைவியை அழைத்துப்போனார். அவள் தம்பியின் கையைப் பிடித்து நடத்தி வந்தாள். சூப்பிரண்டுக்கு எண்பது வயது; முதுகு மட்டும் வளையவில்லை. சுத்தியல்காரரை அடையாளம் தெரிந்ததும் முகம் ஒரு கணம் இறுகியது. ஆனால் சுற்றிலும் கூட்டம்.

"அட, நீங்கதானா? கொண்டாங்க, பாப்போம்."

டேங்கரை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திருப்பினார். வால்வுப் பக்கத்தில் வெள்ளையாகப் பெருக்கல் குறி. உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் சரி. குறிதான் தப்பு. இந்தப் பக்கம் இல்ல, ஏணிப் பக்கம் இருந்துச்சு."

"நல்லா ஞாபகம் இருக்கா சார்?"

"ஏன் இல்லாம? ஏணிக்கு வலது பக்கம், தோள் உயரத்துல."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவர் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

"விசாரணையில குறியே இல்லன்னீங்களே சார்," என்றார் சுத்தியல்காரர். இந்த வாக்கியத்தை எட்டு மாதம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். குரல் பிசிறவில்லை.

சூப்பிரண்டு அவர் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளப் பார்த்தார். "வாங்க, தனியாப் பேசிக்கலாம். வயசான காலத்துல எதுக்கு இதெல்லாம்?"

"தனியா வேணாம். இங்கயே எழுதுங்க. எழுதினத நீங்களே படிங்க."

யாரோ காகிதம் நீட்டினார்கள். பழைய இன்ஜின் டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். வாசல் பக்கம் பார்த்தார் சூப்பிரண்டு. அங்கே நின்ற ஒருவரும் விலகவில்லை. எழுதினார். பிறகு படித்தார்: குறி இருந்தது, நான்தான் துடைத்தேன், பரிசோதகர்மேல் தப்பில்லை.

மைத்துனன், குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினான். "இன்னொரு தடவை படிங்க."

படித்தார்.

"காது சரியா கேக்கல. இன்னொரு தடவை."

அவனுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. நான்காவது தடவையில் சூப்பிரண்டின் குரல் உடைந்தது. அப்போதும் அவன் விடவில்லை. "பேர் விட்டுட்டீங்களே. யார் முகத்துல பட்டுச்சுன்னு அதுல இல்ல. அதையும் சேத்துப் படிங்க." சுத்தியல்காரர் தடுக்கவில்லை. நெஞ்சு குளிர்ந்தது. இரக்கம் எங்காவது எட்டிப்பார்க்கிறதா என்று தனக்குள் தேடினார், இல்லை.

அந்த வாரமே சூப்பிரண்டைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். கடைத்தெருவில் அவரைக் கண்டால் பழைய ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடிதத்தின் நகல் வீட்டுக்கு வீடு போனது.

அன்று மண்டபத்திலிருந்து திரும்பும்போது மனைவி அவர் கையைப் பிடிக்க வந்தாள்.

"ஏங்க, நான் அப்பவே நம்பியிருக்கணும்."

"ஆமா," என்றார்.

கையைக் கொடுக்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தை ஒரு தெரு முடிவதற்குள் மறந்துவிட அவருக்கு மனம் வரவில்லை. இரண்டடி முன்னால் நடந்தார்.