மூன்று தொட்டிக் கடல்

எழுபத்துநாலாம் வருஷம் சித்திரையில் எருத்தேன்பதிக் கிணறுகள் பாறை தெரிய வற்றிக் கிடந்தன. மழை வேண்டி மாரியம்மன் கோயிலில் இரண்டு தடவை கஞ்சி காய்ச்சி ஊற்றியாயிற்று. கஞ்சிக்கு அரிசி கொடுத்தவர்களில் அர்த்தநாரியும் ஒருவர். ஆனால் மழை வந்துவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தவரும் ஊரில் அவர் ஒருவர்தான்.

காரணம், அவர் குடியிருந்த தோட்டத்து வீட்டை, சாளையை ஒட்டி இருந்த மூன்று சிமெண்டுத் தொட்டிகள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கட்டியவை. இப்போது அவற்றில் கடல் தண்ணீர் நின்றது. அடியில் ஒரு சாண் கடல் மணல். மணலில் வேர் பிடித்து நின்றது புல்.

அதைக் கொண்டுவந்து வைத்தவள் அவர் தங்கை கமலாத்தாள். பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள். நான்கு வருஷமாக லீவு கிடைக்கும்போதெல்லாம் ராமநாதபுரம் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றுக்குப் போய், அங்கே கடலுக்கடியில் வளரும் புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மாசி மாதம் அந்தக் குப்பத்துக்குப் பெரிய படகுத்துறை வருகிறதென்று கடலடியைத் தோண்டும் இயந்திரம் வந்தது. புல் நின்ற இடமெல்லாம் தோண்டுகிற எல்லைக்குள் இருந்தது. தோண்டி முடிந்து சேறு படிந்த பிறகு பக்கத்தில் எங்காவது திரும்ப நடலாம், அதுவரை எங்கே வைப்பது? கல்லூரியில் இடம் தரவில்லை. அண்ணனிடம் வந்து நின்றாள்.

"கடல்ல புல்லு மொளைக்குதா அம்மிணி?" என்று அர்த்தநாரி கேட்டார். அவர் கடலைப் பார்த்ததில்லை.

"மொளைக்குதுங்ணா. கடல் பசு மேயும். எறாக்குஞ்சு, மீன்குஞ்சு எல்லாம் அதுக்குள்ளதான் வளரும். அது போச்சுன்னா அந்தக் குப்பத்துல வலை போட்டும் புண்ணியமில்லை."

மேய்ச்சல் நிலம் என்று அவர் புரிந்துகொண்டார். அதற்குமேல் அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொட்டிகளைக் கழுவிக் கொடுத்தார்.

மூன்று தொட்டியிலும் இருந்தது ஒரே இனத்துப் புல்தான். ஆனால் மூன்று இடத்தில் பிடுங்கியது. முதல் தொட்டியில் இருந்தது பவளப்பாறை ஓரத்துப் புல். நெல் நாற்று மாதிரி நெடுநெடுவென்று பளபளத்தது. நடுத்தொட்டியில் குப்பத்துக்கு நேர் எதிரே ஆழமில்லாத இடத்தில் வளர்ந்தது. மூன்றாவது, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் வரும் ஓர் ஆறு கடலில் சேரும் வாயில், சேற்றில் கிடந்தது. குட்டையாக, பழுப்பேறி, பார்க்கவே சகிக்காது.

"இதை எதுக்குக் கட்டி அழுகறே? நல்லதா இருக்கறதையே மூணு தொட்டியிலயும் வெச்சுக்கலாமே" என்றார் அர்த்தநாரி.

"எது நல்லதுன்னு நமக்கு இப்பத் தெரியாதுங்ணா. பார்வைக்கு ஒண்ணாட்டம் இருந்தாலும் உள்ளுக்குள்ள ஒவ்வொண்ணும் வேற வேற. நாளைக்கு அங்க கடல் எப்படி மாறும், எதைத் தாங்கற புல்லு வேணும்னு யாரு கண்டா? மூணையும் கலக்கவும் வேண்டாம், ஒண்ணை ஒசத்தி ஒண்ணை மட்டம்னு பார்க்கவும் வேண்டாம்."

நடுவதற்கு இடம் பார்க்கவும் அனுமதி வாங்கவும் கமலாத்தாள் கடற்கரைக்குக் கிளம்பினாள். பத்து நாளில் வந்துவிடுவதாகச் சொன்னாள். போவதற்கு முன், பால் சொசைட்டியில் பாலில் மிதக்கவிடுவார்களே, அதே மாதிரி ஒரு கண்ணாடிக் குழலை அண்ணன் கையில் கொடுத்தாள். அதில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. கோடு தண்ணீர் மட்டத்தில் நின்றால் உப்பு சரி. கோடு மேலே எழும்பினால் வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு ஏறிவிட்டது, கிணற்றுத் தண்ணீர் அரைக் குடம் விட வேண்டும். கோடு முங்கினால் உப்பு குறைந்துவிட்டது, கடல் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடல் தண்ணீரை அமிர்தநாதன் என்ற மீனவர் வாரம் ஒரு தடவை தகர டின்களில் அடைத்து ரயிலில் ஏற்றிவிடுவார். அர்த்தநாரி கொல்லங்கோடு ஸ்டேஷனில் வாங்கி பஸ் மேலே போட்டுக்கொண்டு வருவார்.

"கடை உப்பைக் கரைச்சு ஊத்தீராதீங்ணா. கடல்ல இருக்கறது வெறும் உப்பு மட்டுமில்லை" என்று பஸ் ஏறும்போதும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. காலையில் பல் விளக்குமுன் தொட்டியைப் போய்ப் பார்ப்பார். ஓர் இலை நுனி கறுத்திருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. தென்னையோலையில் பந்தல் போட்டார். அதன்மேல் நெல் மூடுகிற தார்ப்பாயை விரித்துக் கட்டினார். மக்கள் குடிக்கத் தண்ணீர் இல்லாத நேரத்தில் கிணற்றடியில் ஊறும் கொஞ்சத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதைப் பக்கத்துத் தோட்டத்துக் கந்தப்பன் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மாமா, புல்லுக்கு உப்புத் தண்ணி, மனுசனுக்கு வறட்சி. உங்க தங்கச்சி படிச்சது உங்களைப் புடிச்சு ஆட்டுது போங்க."

 அர்த்தநாரி மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்கு மேலே மேகம் கூடியிருந்தது.

பத்து நாள் பதினான்கு ஆயிற்று. கமலாத்தாள் வரவில்லை. அனுமதிக் காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை என்று ஒரு கார்டு மட்டும் வந்தது. பதினைந்தாம் நாள் பிற்பகல், அர்த்தநாரி சாளையில் கடலைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தபோது காற்று ஒரேயடியாக நின்றது. காக்கைகள் பனைமரத்தை விட்டுப் பறந்தன. பிறகு மேற்கிலிருந்து புழுதிச் சுவர் ஒன்று எழும்பி வந்தது.

ஊர்ப்பக்கம் சந்தோஷக் கூச்சல் கேட்டது. பெண்கள் குடங்களையும் அண்டாக்களையும் வாசலில் வைக்கிற சத்தம். அர்த்தநாரி உரித்ததைக் கொட்டிவிட்டுத் தொட்டிக்கு ஓடினார். முதல் துளிகள் கல் விழுகிற மாதிரி விழுந்தன. தார்ப்பாயின் ஒரு முனைக் கயிற்றை அவர் பிடித்துக்கொண்டார், இன்னொரு முனையை அவர் மனைவி ராமாத்தாள் பிடித்தாள். காற்று இருவரையும் இழுத்தது.

"ஏனுங்க, நடுவுல தண்ணி கட்டுதுங்க" என்று ராமாத்தாள் கத்தினாள்.

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தார்ப்பாய் வயிறு தொங்கி, பந்தல் மூங்கில் முறிந்து, தேங்கிய தண்ணீரெல்லாம் ஒரே கொட்டாக நடுத்தொட்டிக்குள் இறங்கியது. மணல் கலங்கி மேலே வந்தது. மற்ற இரண்டு தொட்டியும் திறந்து கிடந்தன. மழை அரை மணி நேரம் பெய்தது. அந்த வருஷத்து முதல் மழை. அர்த்தநாரி அதில் நனைந்தபடி, கையாலாகாமல், தொட்டி விளிம்புகளைத் தாண்டித் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மழை விட்டதும் கண்ணாடிக் குழலை முதல் தொட்டியில் மிதக்கவிட்டார். அது சிவப்புக் கோட்டைத் தாண்டி முங்கியது.  விரலை நனைத்து நாக்கில் வைத்தார். வெறும் மழைத்தண்ணீர். முழங்கைவரை உள்ளே விட்டு அடியில் தொட்டு நாக்கில் வைத்தார். கரித்தது.

"ராமாத்தா, அடியில உப்பு அப்படியே கெடக்குது. மழைத்தண்ணி மேலதான் நிக்குது. கலக்காம மேல் தண்ணியை மட்டும் மோந்துரு. மெதுவா."

ஆளுக்கொரு சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டார்கள். பாலில் ஆடை எடுக்கிற மாதிரி மேல் தண்ணீரை வழித்து வெளியே ஊற்றினார்கள். முதல் தொட்டியிலும் மூன்றாவதிலும் அது நடந்தது. நடுத்தொட்டியில் நடக்கவில்லை. அங்கே மேலும் கீழும் ஒன்றாகக் கலந்து, எங்கே தொட்டு வைத்தாலும் சப்பென்று இருந்தது.

கைவசம் கடல் தண்ணீர் நான்கு டின் இருந்தது. அடுத்த டின்கள் வர இன்னும் ஐந்து நாள். அர்த்தநாரி மூன்று தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். நான்கு டின்னை மூன்றாகப் பிரித்தால் எதற்கும் பற்றாது. தங்கை சொன்னது காதில் ஒலித்தது. ஒசத்தி மட்டம் பார்க்காதே என்றாள். ஆனால் அவள் இங்கே இல்லை.

நடுத்தொட்டித் தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டு இரண்டு டின்னை அதில் ஊற்றினார். மீதி இரண்டையும் முதல் தொட்டிக்கு ஊற்றினார். மூன்றாவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. தென்னைக்குப் போட வைத்திருந்த கல்லுப்பு மூட்டையைப் பிரித்து, ஒரு வாளியில் கரைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்றாவதில் ஊற்றினார்.

"கமலா வேண்டாம்னு சொன்னாளுங்களே" என்றாள் ராமாத்தாள்.

"தெரியும். அதை விட்டுட்டேன்னே வெச்சுக்கோ."

மறுநாள் ஊரே ஏர் பூட்டிக்கொண்டு வயலுக்குப் போனது. அர்த்தநாரி போகவில்லை. மூன்றாம் நாள் நடுத்தொட்டிப் புல் தண்டோடு கறுத்தது. தொட்டால் இலை கூழாக விரலில் ஒட்டியது. அழுகியதை எடுத்து எடுத்து வெளியே போட்டார். மறுநாள் பார்த்தால், போட்டதைவிட அதிகம் அழுகியிருந்தது. முதல் தொட்டியிலும் நெடிய இலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மூன்றாவதைப் பார்க்கவே அவர் போகவில்லை. ஐந்தாம் நாள் டின் வாங்கிவந்து ஊற்றும்போதுதான் குனிந்து பார்த்தார். அந்தக் குட்டைப் புல் அப்படியே நின்றது. மணலுக்கு வெளியே புதுக் கொழுந்துகூட ஒன்றிரண்டு விட்டிருந்தது. ஆற்று வாயில் வருஷா வருஷம் வெள்ளத்தண்ணீர் குடித்துப் பழகிய புல் அது.

மறுநாள் கமலாத்தாள் வந்து இறங்கினாள். கையில் அனுமதிக் காகிதம் இருந்தது. பையைக் கீழே வைக்காமல் நேரே தொட்டிக்குப் போனாள். அர்த்தநாரி பின்னால் போனார். 

அவள் முதல் தொட்டியில் கைவிட்டு எண்ணினாள். ஏழு செடி. நடுத்தொட்டியில் மணலைக் கிளறி வேர்வேராகத் தேடினாள். ஒன்றுமில்லை. வெகுநேரம் தேடினாள்.

"மூணாவதை நான் கைவிட்டுட்டேன் அம்மிணி" என்றார் அர்த்தநாரி. "நல்ல தண்ணியெல்லாம் மத்த ரெண்டுக்கும் ஊத்திட்டு அதுக்குக் கல்லுப்பைக் கரைச்சு ஊத்தினேன். அது பொழைச்சுது. நான் காப்பாத்தப் பார்த்தது செத்துப்போச்சு. நடுவுல இருந்தது முழுசும் என் கையிலதான் போச்சு."

கமலாத்தாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவள் கண் சிவந்திருந்தது.

"குப்பத்துக்கு எதிர்த்தாப்ல இருந்த அந்த இடத்தைப் போன வாரம் தோண்டி முடிச்சுட்டாங்கண்ணா. அங்க இனி ஒரு வேர்கூட இல்லை. இங்க இருந்ததுதான் கடைசி." முதல் தொட்டியைக் காட்டிச் சொன்னாள், "நீங்க இல்லைன்னா இந்த ஏழும் இருந்திருக்காது. நாளைக்கே கெளம்பலாம். நீங்களும் வாங்க. எனக்குத் தனியா எடுத்துட்டுப் போகப் பயமா இருக்குது."

அப்படித்தான் அர்த்தநாரி தமது நாற்பத்தாறாவது வயதில் கடலைப் பார்த்தார். பார்த்து வியக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. ரயிலில் வந்த பதினைந்து மணி நேரமும் செடிகளைச் சுற்றியிருந்த ஈரச் சாக்குக்குள் விரலை விட்டுச் சூடு பார்த்தபடியே வந்திருந்தார். அமிர்தநாதன் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டுபோய், இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டார். நீந்தத் தெரியாத அர்த்தநாரி கட்டுமரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாற்று நடுகிற மாதிரியே அந்த ஏழு செடிகளையும் ஒவ்வொன்றாக மணலில் ஊன்றினார். ஆற்று வாய்ப் புல்லை அப்பால் வேறோர் இடத்தில் தங்கை நட்டாள்.

"புடிக்குமா?" என்று அவர் கேட்டார்.

"ஒரு வருஷம் போனாத்தான் சொல்ல முடியுமுங்ணா."

அந்த வருஷம் முழுக்க அவர் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றார். ஆடியில் கடல் சீற்றம் என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மறு வருஷம் மாசியில் அமிர்தநாதன் எழுதிய கடிதம் வந்தது. ஆற்று வாய்ப் புல் ஒரு பாய் அகலத்துக்குப் படர்ந்திருந்தது. ஏழில் நான்கு நிற்கின்றன, மூன்றை அலை கொண்டுபோயிற்று.

ராமாத்தாள் நல்ல சேதிதானே என்றாள். ஆமாம் என்றார் அர்த்தநாரி. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். நடுத்தொட்டியில் இப்போது எருமைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. நான்கு என்பது ரொம்பக் குறைவாயிற்றே, அந்த நான்குக்கும் இந்த வருஷம் என்ன வருமோ என்று நினைத்தபடி, அவர் எருமைகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்.