நிப்பிளில் சுற்றிய டேப்

சங்கிலிமுத்து ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். விஸ்வநத்தம் பக்கத்தில் அந்தச் சின்ன ஊரில் எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்பது அவன் கையில் இருந்தது. எங்கே ஒழுகினாலும் வெள்ளை டேப்பைச் சுற்றி இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்புகிறவன். குழாய் விஷயத்தில் அந்த நம்பிக்கை பொய்த்ததில்லை. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கைத் துடைக்க உட்கார்ந்தவன், முன்சக்கரத்தில் ஆயில் வடிந்து பெயிண்ட் பொரிந்திருப்பதைப் பார்த்தான். விரலால் தடவிக்கொண்டே போனதில் கசிவு டிஸ்க் பிரேக்கின் நிப்பிளில் வந்து நின்றது. பழைய ஆயிலும் காற்றும் வெளியேறுவதற்காகத் திறந்து மூடுகிற சின்னத் திருகு அது. போன மாதம் போனில் வீடியோ பார்த்து அவனேதான் ஆயில் மாற்றினான்.

எட்டாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டுத் திருகைக் கழற்றினான். மரையில் அவன் சுற்றிய டேப் அப்படியே இருந்தது. அதில் கிழிந்த துணுக்கு ஒன்று திருகின் முனையில் நசுங்கி ஒட்டியிருந்தது. அந்த முனை போய்ப் பொருந்தினால்தான் உள்ளே ஓட்டை அடைபடும். நடுவில் துணுக்கு கிடந்தால் என்னதான் இறுக்கி என்ன?

ஆயில் கசிந்தால் பிரேக் பிடிக்காது. மூன்று வாரத்துக்கு முன் இந்த வண்டியில்தான் அவன் மனைவி நாகஜோதி பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வழியில் விழுந்தாள். ஆடு குறுக்கே வந்தது, பிரேக் பிடிக்கவில்லை, கருவேலமுள்ளுக்குள் போய் விழுந்தேன் என்றாள். இவன் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழாயடியில் நின்ற அத்தனை பெண்கள் முன்னாலும், "ஓட்டத் தெரியாம பிரேக்கக் கொற சொல்றா" என்று சிரித்தான்.

அன்றிலிருந்து வண்டி சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. இவனுக்குத் தொட்டிக்குப் போக சைக்கிள் போதும். ஆனால் அவளைச் சாத்தூர் ரோட்டுக் கம்பெனி ஒன்றில் போர்மேனாகக் கூப்பிட்டிருந்தார்கள். நாளைக்கே சேர வேண்டும். இப்போது அவள் ஏறிப் போகிற வேன் அங்கே போகாது. வண்டி ஓட்டினால்தான் வேலை. போகவில்லை என்று அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான். துணுக்கைச் சுரண்டி, முனையைத் துடைத்து, டேப் இல்லாமல் திருகை மாட்டி, புது ஆயில் ஊற்றினான். ஆனால் உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டுமே. ஒருவர் கைப்பிடியில் இருக்கும் பிரேக் லிவரை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். வேறு வழியில்லை.

"சோதி, இங்கன வந்து லிவரப் பிடி."

அவள் வந்து பிடித்தாள். அமுக்கு, பிடி, விடு என்று நாலு தரம் நடந்தது. நிப்பிளில் மாட்டிய டியூபில் குமிழ் குமிழாகக் காற்று ஓடியது. ஐந்தாவது தரம் நிப்பிள் திறந்திருக்கும்போதே அவனுக்கு மனசு பொறுக்கவில்லை.

"அன்னைக்குப் பேசுனத மனசுல வைக்காத. விடு, சோதி."

அவள் லிவரை விட்டாள். வெளியே போன காற்று சர்ரென்று உள்ளே ஏறியது.

"ஏத்தா, இன்னும் மூடலையே! எதுக்கு விட்ட?"

"நீங்கதான விடுன்னீக."

"நான் பிரேக்கச் சொல்லல."

"பெறகு எதச் சொன்னீக?"

டேப் துணுக்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "இதச் சுத்துனது நாந்தான். இதுதான் ஒழுக விட்டிருக்கு. நீ ஒழுங்காத்தான் ஓட்டியிருக்க. தப்பு எம்மேல."

நாகஜோதிக்குக் கண் நிறைந்துவிட்டது. "முள்ளுக் குத்துனது ரெண்டு நாள்ல ஆறிருச்சு. அம்புட்டுப் பேரும் சிரிச்சதுதான் இன்னும் வலிக்கு. குழாயடியில சொன்னீகள்ல, அங்கனயே போய்ச் சொல்லுங்க."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். குமிழ் நின்று லிவர் விறைத்ததும் அவன் நிப்பிளை அளவாக இறுக்கினான். இன்னொரு சுற்று இறுக்கச் சொல்லிக் கை அரித்தது, அடக்கிக்கொண்டான். பிறகு அவள் லிவரைப் பிடித்தபடியே நிற்க, துணியால் ஒற்றிப் பார்த்தான். ஈரமில்லை.

சாயங்காலம் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போய் நின்றான்.

"எல்லாரும் கேளுங்க. சோதி விழுந்ததுக்கு நாந்தான் காரணம். பிரேக்குல டேப்பச் சுத்தி நாசம் பண்ணிட்டேன். அவ நல்லாத்தான் ஓட்டுனா."

எதிர்வீட்டுச் சண்முகத்தாய் இடுப்புக் குடத்தை இறக்காமலே சொன்னாள்: "ஏலே, அந்த டேப்ப ஒன் வாயில சுத்தியிருந்தா அன்னைக்கே சோலி முடிஞ்சிருக்கும்லே."

குழாயடியே சிரித்தது. அவன் முகம் சுண்டிப்போனது. மூன்று வாரமாக அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் நாகஜோதி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"ஏறுங்க."

அவள் பின்னால் அவன் உட்கார்ந்ததே இல்லை. ஏறினான். தெருவின் கடைசிவரை விரட்டிக்கொண்டு போய் முன் பிரேக்கை அழுத்தினாள். வண்டி நின்றது, அவன் தாடை அவள் தோளில் இடித்தது. அவள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்:

"நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் கெளம்பணும். சோறு நீங்க பொங்கி வச்சிருங்க."